அளவெட்டி முத்துக்குமாருவின் இல்லாத மகன்

புத்தூர்,
கார்த்திகை மாதம்.

அன்புள்ள மருமகன் சிவதர்ஷனுக்கு,

மாமா செல்வரட்ணம் எழுதுவது. ரொறன்ரோக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை. உன் அம்மாவின் கண் ஒப்பரேசன் வருகிற வியாழக்கிழமை. அதற்கென்று நீ என் கணக்கில் போட்ட காசு அப்படியே இருக்கிறது. இதை முதலில் எழுதச் சொன்னது மாமி.

இப்படி நடக்குமென்று நான் அப்போதே சொன்னேன். வரிக் கணக்குக் கொடுக்கும் மாதத்தில் கள்ளரும் வருவார்கள் என்று சுன்னாகம் சந்தையில் நான் பேசியபோது, வெங்காயம் நிறுத்தவர்கள்கூடத் தராசை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் அண்ணைக்கு அது ஏறவில்லை. திங்கட்கிழமை நான் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டிருக்க, எங்கள் விறாந்தையில் இருந்தவர் என் போனை எடுத்துவிட்டார். வரிக் கந்தோரிலிருந்து பேசுகிறார்களாம், வைப்புக் காசின் வட்டியில் பிடித்த வரி திரும்பி வருகிறதாம். உடனே சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்த என் வங்கி அட்டையை எடுத்து இலக்கம் முழுவதையும் வாசித்தார் (அது அங்கே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே), பிறகு போனுக்கு வந்த ஆறு இலக்கத்தையும் வாசிக்கத் தொடங்கினார், இடையில் சும்மா கதைக்கு இந்த வீட்டு அம்மாவின் ஊர் அளவெட்டி என்றும் சொல்ல, அந்தக் கள்ளன் "நானும் அளவெட்டிதான் ஐயா" என்றிருக்கிறான். அவன் கெட்டது அந்த இடத்தில். ஐந்து இலக்கம் போய்விட்டது, ஆறாவது நாக்கு நுனியில் நிற்க, மாமி துருவிய தேங்காய்ப்பூக் கையோடு வந்து போனைப் பறித்தாள்.

"அளவெட்டியோ தம்பி? எவடம்?"

"கோயிலடி, அன்ரி."

"அங்கை கோயிலடி இல்லாத இடம் எது? ஆரின்ரை மோன்?"

"முத்துக்குமாருவின்ரை."

"எந்த முத்துக்குமாரு? தவில்காரரோ, லொறிக்காரரோ?"

"தவில்."

"அவருக்கு நாலும் பொம்பிளைப் பிள்ளையள் எல்லோ. நீர் எப்ப பிறந்தனீர்?"

"அன்ரி, அந்தக் கடைசி இலக்கத்தை மட்டும் சொல்லுங்கோ."

"பொறும். அம்மா எந்த ஊர்? கலியாணம் முடிச்சிட்டீரோ?"

அவனே போனை வைத்துவிட்டான். பொலிஸ் விசாரணையில்கூட இந்த நுட்பம் இல்லை என்று நான் நினைக்கிறேன். மாமி மூச்சு வாங்காமல் வங்கிக்குப் போன் எடுத்து அட்டையை நிறுத்தினாள். மறுநாள் உண்மையான வரிக் கந்தோருக்கே போய் விசாரித்தாள். போனில் இலக்கம் கேட்கும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்றார்களாம். முப்பத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவளின் கெட்டித்தனத்தை நான் முழுதாக அளக்கவில்லை, மருமகன்.

அம்மன் அருளால் அம்மா உன் முகத்தைப் போனில் தெளிவாகப் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

இப்படிக்கு,
செல்வரட்ணம் மாமா

பி.கு: மாமி இதை வாசித்தாள். கனகரத்தினம் அண்ணை ஆவணியிலேயே ரொறன்ரோவுக்கு மகளிடம் வந்துவிட்டாராம், உன்ரை தெருவிலைதானாம் இருக்கிறார். போன ஞாயிறு நீயும் அவரும் சேர்ந்து எடுத்த படத்தையும் காட்டினாள். ஆகவே அவரிடம் ஒன்றும் கேட்டுவிடாதை. ஐந்து இலக்கத்தையும் வாசித்தது நான்.