எந்தத் தேதியிலும் ஒரு கப்பல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

அஞ்சலகத்தில் தேதி முத்திரை குத்திக் குத்தியே ஓய்வுபெற்ற தங்கள் வாசகன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கும் அச்சு இயந்திரம் உள்பட அனைவரும் நலமென நம்புகிறேன்.

தங்கள் நாளிதழின் ஏழாம் பக்கத்தில் 'இதே நாளில்' என்று ஒரு பெட்டிச் செய்தி வருகிறதே, அதனால் என் மகள் கல்யாணம் எட்டு மாதமாக நிற்கிறது. பையன் தங்கமானவன். அவன் அப்பா, ஓய்வுபெற்ற நூலகர், அவரும் நல்ல மனுஷர்தான், ஆனால் நான் எந்தத் தேதியைச் சொன்னாலும் ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து, அந்த நாளுக்குரிய தங்கள் பெட்டிச் செய்திக் கத்தரிப்பை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்துவிடுகிறார். ஒன்பதாம் தேதி என்றேன். "அன்னிக்குக் கப்பல் மூழ்கியிருக்கே" என்றார். "நாம என்ன கப்பல்லயா கல்யாணம் பண்றோம்? பதிவு ஆபீஸ் ரெண்டாவது மாடிங்க" என்றேன். "மாடியா? அப்ப பதினாறும் வேண்டாம், நிலநடுக்கம்" என்றார். பதினாறை நான் சொல்லவே இல்லை ஐயா! இருபத்தொன்று என்றதற்கு, ஏதோ ஒரு நாட்டில் புரட்சி, மன்னர் ஓட்டம். "நம்ம வீட்ல யாருங்க மன்னர்?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் புரட்சியை விளக்கினார், டீ ஆறிப்போனது. "விடுங்கப்பா" என்கிறாள் மகள். எப்படி விடுவது? முப்பத்திரண்டு வருஷம் தேதி குத்தியிருக்கிறேன், ஒரு தேதியும் என்னைக் கடித்ததில்லை. போர் மூண்ட அன்றும் வாழ்த்து அட்டை வந்தது, குத்தினேன், போய்ச் சேர்ந்தது.

ஆகவே வருகிற இருபத்தேழாம் தேதிக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கிவிட்டேன். அன்றைய பெட்டியில் நல்லதாக மட்டும் போடுங்கள். ஒரு பாலம் திறந்தது, ஒரு மருந்து கண்டுபிடித்தது, போதும். பெயர் போடக்கூடத் துணிவில்லாமல் இதைத் தொகுக்கிற அந்த அழுமூஞ்சி ஆசாமியிடம் இக்கடிதத்தைக் காட்டி, நன்றாக நாலு வார்த்தை கேளுங்கள்.

தங்கள் பத்திரிகை நீடூழி வாழ்க. ஏழாம் பக்கம் மட்டும் கொஞ்சம் குறைவாக வாழ்க.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மகள் இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அந்த 'இதே நாளில்' எழுதறதே மாமாதான்பா, அவரோட அப்பா. நாங்க தனி வீடு பாக்கறோம்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து அவருக்கு எந்தத் தேதியும் பிடிக்கல. தனியா இருக்கணுமேன்னு பயப்படறாரு" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனைவியை இழந்த மனுஷர், அந்த வீட்டில் அட்டைப்பெட்டியோடு என்ன செய்வார் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எனவே மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். எத்தனை கப்பல் வேண்டுமானாலும் மூழ்கட்டும். கடிதத்தை மட்டும் அவரிடமே கொடுங்கள். என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, பெட்டி வைக்க அலமாரியும் உண்டு. தேதி இருபத்தேழுதான், மாற்றமில்லை. அடுத்த வருஷம் அதே நாளில், எந்த எரிமலைச் செய்திக்குக் கீழே என்றாலும் சரி, எங்களுக்கும் ஒரு வரி அவரே எழுதட்டும்.