உயிரோடு இருக்கும் உன் அக்காவைப் பற்றி

கமுதி,
வெள்ளிக்கிழமை

அன்பு மாப்பிள்ளை பிரபாகரனுக்கு, உன் மச்சான் கூத்தையா எழுதுவது. இங்கே நானும் மிளகாய்ச் செடிகளும் நலம். ராமநாதபுரத்தில் நீயும், கோபித்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்திருக்கும் உன் அக்கா செவ்வந்தியும் நலமாக இருக்க முனியய்யாவை வேண்டுகிறேன். நீ என் போனை எடுப்பதில்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன். தப்பு என் மேல் இல்லை என்பது படித்து முடித்ததும் உனக்கே விளங்கும்.

மாலதி என்று ஒரு பிள்ளை சென்னையிலிருந்து இங்கே படம் எடுக்க வந்தது. சண்டை, பாட்டு எதுவும் கிடையாது. ஒரு பாரில் தினமும் வந்து உட்காருகிறவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள், அதுதான் படம். நடிகர்கள் வேண்டாம், நிஜமாக வருகிறவர்களே வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பாரில் கேமராவை வைத்துவிட்டது. நான் மோட்டார் மெக்கானிக்கைத் தேடி அங்கே போனவன். அவன் வராததால் உட்கார்ந்து காத்திருந்தேன். பல மாதங்களாகவே அப்படிக் காத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கேமராவைப் பார்த்ததும் நம் ஆட்கள் மாறிப்போனார்கள். சரக்குக்குப் பதிலாகக் கிளாஸில் கடுங்காப்பி ஊற்றிக் கொடுத்ததும் காரணமாக இருக்கலாம். ஜன்னலோர நாற்காலிக்காகத் தினமும் அடுத்தவன் சட்டையைப் பிடிக்கும் இமானுவேல், "நீங்க உக்காருங்கண்ணே, நான் நின்னுக்கிறேன்" என்கிறான். மாலதி தலையில் கை வைத்துக்கொண்டது. கடைசியில் என்னிடம், "ஐயா, உங்க மனசுல இருக்கிற கஷ்டத்தைச் சொல்லுங்க" என்றது. எனக்கு ஏது கஷ்டம்? மழை பெய்திருக்கிறது, உன் அக்கா வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். யோசித்துவிட்டு, "எம் பொண்டாட்டி செத்துப்போனா" என்றேன். சாப்பிட்டியா என்று கேட்க ஆளில்லை, திட்டக்கூட ஆளில்லை என்று சொல்லச் சொல்ல அழுகை நிற்கவில்லை. இமானுவேல் முந்தின நாள்தான் உன் அக்காவைச் சந்தையில் பார்த்துப் பேசியவன். அவனும் தேம்பினான்.

நான் அழுத அந்தப் படத்துண்டை மட்டும் மாலதி வெளியே விட, அது போன் போனாகப் போயிருக்கிறது. நம்மிடம் மிளகாய் வாங்கும் ஹாஃபிஸா, பெரியபட்டினத்திலிருந்து கார் பிடித்து அழுதுகொண்டே வந்து இறங்கியது. கதவைத் திறந்தவள் உன் அக்கா.

"என்ன ஹாஃபிஸாக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒனக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு, ஹாஃபிஸா திண்டாடிப்போய் போனைக் காட்டியிருக்கிறது. நான் வந்து சேர்ந்தபோது உன் அக்கா நின்றபடியே முழுவதும் பார்த்து முடித்திருந்தாள்.

"நல்லாத்தான் அழுதிருக்கீக" என்றாள். "இதுல ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கீகளா?"

நான் பதில் யோசிப்பதற்குள் பஸ் ஏறிவிட்டாள்.

மாப்பிள்ளை, நீயே சொல். பெண்டாட்டி செத்தவர்களே இந்த ஊரில் இவ்வளவு அழுததில்லை. எடுத்துச் சொன்னால் அவள் பெருமைதான் படுவாள். இப்போது நானே சமைக்கிறேன். நன்றாகத்தான் வருகிறது, நாய்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரி தட்டைக் கழுவும்போது கேமரா இல்லாமலே அழுகை வருகிறது. அதையும் அவளிடம் சொல். ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் கட்டாயம் ஏற்றிவிடு.

உன் வீட்டுக்காரி யுவராணியை விசாரித்ததாகச் சொல். உன் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
குடும்பஸ்தனாகவே இருக்கும் உன் மச்சான்,
கூத்தையா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மாலதி போன் செய்தது. மனைவியை இழந்தவர் வீட்டில் எப்படித் தனியாக இருக்கிறார் என்று படம் பிடிக்க, மதுரையிலிருந்து டிவிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். நானும் சரி என்றுவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிட்டு, உன் அக்காவைச் செவ்வாய்க்கிழமை வரை அங்கேயே வைத்துக்கொள். ஏன் என்று கேட்டால், நீயாக ஏதாவது சொல்லிச் சமாளி.