ஒன்றும் தெரியாதவர் வீட்டு வாஷிங் மெஷின்

எல்லாம் தெரிந்தவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். இன்று ஒன்றும் தெரியாதவரைப் பாருங்கள். சும்மா தெரியாதவர் அல்ல. தெரியாமையைப் பட்டம்போல் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற இனம். மட்டாஞ்சேரி வாஞ்சிநாதன் அதில் முற்றிய பழம்.

காக்கநாட்டில் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்குக் கையேடு எழுதுவது அவர் உத்தியோகம். இன்ஜினியர் தன்யா, "சேட்டா, இது எப்படி ஓடும்னு பறஞ்சு தரட்டே?" என்று வாயைத் திறந்தால் போதும், இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்.

"சொல்லாதேம்மா! தெரிஞ்சுட்டா என் எழுத்து கெட்டுடும்!"

சிரிக்காதீர்கள். அதில் விஷயம் இருந்தது. முதல் மெஷின் வந்தபோது, "பின்னால நாலு போல்ட் எதுக்கு?" என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். லாரியில் வரும்போது உள்ளே டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்ள அவை. வீட்டில் ஓட்டுமுன் கழற்றியாக வேண்டும். இன்ஜினியர் யாருக்கும் அதை எழுதத் தோன்றவில்லை. இவர் கொட்டை எழுத்தில் எழுதினார். கம்பெனியே கைதட்டியது. அன்று பிடித்தது சனி. சாயாக் கடை, கல்யாணப் பந்தி, படகு ஜெட்டி, எங்கே பார்த்தாலும் "எனக்கு ஒண்ணும் தெரியாதாக்கும்!" என்று முழக்கம்தான்.

இந்த வருஷம் புது மாடல். பழைய கையேட்டைத் திருத்த உட்கார்ந்தவர் போல்ட் வரியைப் பார்த்தார். பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே என்று அடித்து நீக்கிவிட்டார்.

அந்த மாடலில் ஒன்று அவர் வீட்டுக்கே வந்தது. பொருத்தித்தர வந்த ஆளை மனைவி கமலாக்ஷி வாசலோடு அனுப்பிவிட்டாள். "எங்காத்துக்காரர் எழுதின புஸ்தகம் இருக்கு, அது போறும்." தெருவெல்லாம் பெருமையடித்து, அக்கம்பக்கத்தாரைக் கூடத்தில் உட்காரவைத்து, வரி விடாமல் படித்துப் பட்டனை அமுக்கினாள். வாஞ்சிநாதனின் மானமும் உள்ளே துணியோடு சுற்றத் தொடங்கியது.

மெஷின் உறுமியது. குதித்தது. பிறகு சமையலறையை விட்டுக் கூடத்துக்கு, வயர் விட்ட தூரம்வரை, நடந்தே வந்துவிட்டது. அடுத்த வீட்டு நீலாம்பாள் சோபாமேல் ஏறி நின்றாள். வாஞ்சிநாதன் ஓடிப்போய் மெஷினைக் கட்டிப்பிடித்தார். அதோடு சேர்ந்து அவரும் ஆடினார்.

"போ...போல்ட்டைக் கழட்டலையா?"

"புஸ்தகத்துல இல்லையே!"

"அது எல்லாருக்கும் தெரியுமேடி!"

கமலாக்ஷி சுவிட்சை அணைத்தாள். "ஒண்ணும் தெரியாத மனுஷருக்கு இது மட்டும் எப்போ தெரிஞ்சுதாம்?"

மெஷின் நின்றது. வாஞ்சிநாதன் மட்டும் இன்னும் கொஞ்சம் ஆடினார், பாவம்.

போல்ட்டைக் கழற்றாமலா ஓட்டுவார்கள் என்று நீங்களும் இப்போது ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. இதைப் படிக்க உட்கார்ந்தபோது அப்படி ஒரு போல்ட் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?