வெள்ளைக் கிடாவுக்கு மஞ்சள் வர்ணம்

முதல் ஓவியத்தைக் கிடா தின்றுவிட்டது. இரண்டாவதை ஆனிக் காற்று தூக்கிக்கொண்டு போய்க் கள்ளிச் செடியில் மாட்டியது. மூன்றாவது தாளின் நாலு மூலையிலும் பெரியநாயகம் கல் வைத்தார். கிடா கற்களை ஒவ்வொன்றாக முட்டித் தள்ளிவிட்டு, தாளைத் தின்றது.

"அப்பா, இனி எதுல வரையறது?" என்றாள் ஐந்து வயது வேளாங்கண்ணி.

"படம் வரையறவங்களுக்குத் தாள் ஒரு விஷயமே இல்லடி. கண்ணு முன்னால என்ன தெரியுதோ அதுதான் முக்கியம்."

பெரியநாயகத்துக்குத் தெரியாத விஷயம் இண்டூரில் எதுவும் கிடையாது. சந்தேகமிருந்தால் அவரையே கேட்கலாம், சொல்வார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. குழந்தைகளை வெட்டவெளியில் படம் வரைய விட்டால் மூளை விரியும் என்று ஏதோ வாரப் பத்திரிகையில் படித்துவிட்டார். கடை வர்ணம் கூடாதாம், இயற்கை வர்ணம்தான் வேண்டுமாம். ஆகவே ஒரு கொட்டாங்குச்சியில் மஞ்சள் தூள், இன்னொன்றில் செங்கல் தூள் என்று கரைத்து, சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கடை விரித்திருந்தார். மரத்தில் கிடா கட்டியிருக்கிறதே என்று மனைவி லூர்து மேரி சொல்லத்தான் செய்தாள். "உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி" என்று அவள் வாயை அடைத்தார்.

அந்த வெள்ளைக் கிடாவில்தான் அவருடைய வருங்காலமே இருந்தது. அவரைச் சித்தேரி மலைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. டவுன் பஸ்ஸிலேயே குடல் வாய்க்கு வந்துவிடும் மனுஷன், மலை பஸ்ஸில் என்ன ஆவார்? நினைத்தாலே பயமாக இருந்தது. சங்கத் தலைவர் தீர்த்தகிரி மனசு வைத்தால் மாற்றல் நிற்கும். தலைவருக்குத் தலைக்கறி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அவரை அழைத்தாயிற்று. பக்கத்து வீட்டுச் சென்னம்மாளிடம் பேரம் பேசி, அவள் கண்ணைக் கசக்கும்வரை விலையைக் குறைத்து வாங்கிய கிடா அது.

நான்காவது தாளை எடுத்துக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கிடா கொம்பிலிருந்து வால்வரை மஞ்சளாக நின்றது. நெற்றியில் செங்கல் சிவப்பில் வட்டமாக ஒரு பொட்டு.

"கண்ணு முன்னால இதான்ப்பா தெரிஞ்சுது" என்றாள் வேளாங்கண்ணி.

பிள்ளையைத் திட்டினால் மூளை சுருங்கிவிடும் என்றும் அதே பத்திரிகை சொல்லியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குடம் தண்ணீரைக் கிடாவின் தலையில் கவிழ்த்தார். கிடா தலை முதல் வால் வரை சிலுப்பியது.

வேலிக்கு அந்தப் பக்கம் சென்னம்மாள் சாணிக்கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"முனியப்பா, ஏத்துக்கிட்டியா."

"என்னத்தை ஏத்துக்கிட்டாரு?"

"மஞ்சப் பூசி, பொட்டு வெச்சு, தண்ணி ஊத்துனீங்க. கெடா சிலுப்பிடுச்சு. சாமி உத்தரவு குடுத்துட்டாருங்க சார். இனி அது முனியப்பன் கெடா. தை மாசத் திருநா வரைக்கும் அதும்மேல கத்தி படக்கூடாது."

"நாங்க வேதக்காரங்க, ஏசுவைக் கும்புடறவங்க. எங்களுக்கும் முனியப்பனுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நீங்க வேதக்காரங்க சார். கெடா எங்க வூட்ல பொறந்ததுங்களே."

முனியப்பனிடம் உத்தரவு இருக்கட்டும். பெரியநாயகத்திடம் சவுக்காரம் இருந்தது. ஊரைக் கூட்டச் சென்னம்மாள் ஓடியதும், சவுக்காரக் கட்டியை எடுத்துக் கிடாவைத் தேய் தேய் என்று தேய்த்தார். மஞ்சள் போகவில்லை. சிவப்பாக மாறியது.

வெள்ளைக் கிடாவை மறுபடி வெள்ளையாக்க வெள்ளையடித்தால் போயிற்று என்று அடுத்த யோசனை உதித்தது. சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். கிடா ரத்தச் சிவப்பாகிவிட்டது.

சத்தம் கேட்டு வெளியே வந்த லூர்து மேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவந்து ஆலாத்தித் தண்ணி ஆயிடுங்க. அது கூடத் தெரியாம நீங்க புள்ளைக்கு வர்ணம் சொல்லிக் குடுக்கறீங்களா?"

அதற்குள் ஊர் கூடிவிட்டது. மத்தியானம் மஞ்சளாக இருந்த கிடா சாயங்காலம் சிவந்து நிற்பதைப் பார்த்தவர்கள், முனியப்பன் கோபமாக இருக்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். யாரோ சாமந்தி மாலை போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் தலைவர் தீர்த்தகிரி.

"பெரியநாயகம், ஒரு சேதி சொல்லிட்டுப் போலாம்னுதான்..." என்றவர், கிடாவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "யாருங்க நேந்துக்கிட்டது?"

பெரியநாயகம் கணக்குப் போட்டார். கறிதான் போயிற்று, சாமியையாவது பிடித்துக்கொள்வோம்.

"நான்தானுங்க. சித்தேரிக்குப் போகாம இங்கியே இருக்கணும்னு வேண்டிக்கிட்டு."

"வேதக்காரரு, முனியப்பனுக்கா?"

"ஆபீஸ் விஷயத்துல எந்தச் சாமியா இருந்தா என்னங்க."

தலைவர் தண்ணீர்க் குடத்தைக் காட்டினார். "அப்ப என் எதிர்ல ஒரு தரம் கேட்டுடுங்களேன்."

பெரியநாயகத்துக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. தண்ணீர் பட்டால் ஆடு சிலுப்பும், இது தெரியாத முட்டாள் ஜனங்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊரே கேட்க உரக்கச் சொன்னார்: "முனியப்பா, நான் இண்டூர்லயே இருக்கணும்னா கெடா சிலுப்பட்டும். மலைக்குப் போவணும்னா சும்மா நிக்கட்டும்."

ஒரு குடத்தைக் கவிழ்த்தார். கிடா மாலையைத் தின்றுகொண்டு சும்மா நின்றது.

இன்னொரு குடம். கிடா அசைபோட்டது. மூன்றாவது குடத்தை யாருக்கும் தெரியாமல் காதுக்குள்ளேயே ஊற்றினார். கிடா கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது.

"அப்பா, அதுக்குக் குளிக்கப் புடிச்சுப்போச்சு" என்றாள் வேளாங்கண்ணி.

யாரும் சிரிக்கவில்லை. காலியான குடத்தோடு பெரியநாயகம் தலைவரைப் பார்த்தார். தலைவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, பெரியநாயகத்தின் தோளில் கை வைத்தார்.

"சாமியே மலைக்குப் போன்னுட்டாரு, அதுக்கு மேல நான் யாருங்க? திங்கக்கெழமையே கெளம்பிடுங்க. மாத்தலை நேத்தே ரத்து பண்ணியாச்சுன்னு சொல்லத்தான் நான் வந்ததே."