அலினாபே பார்த்தால் நின்றுவிடும்

"இப்ப நின்னுடும்" என்றாள் அலினாபே.

ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

மீனவர் குடிசைக்குள் எரிந்துகொண்டிருந்த படப்பிடிப்பு விளக்குகள் அத்தனையும் ஒரே மூச்சில் அணைந்தன. கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இயக்குநர் நிரெண்டா அம்மா லென்ஸை மெல்ல மூடினார். அவர் எடுப்பது அமைதியான படம். கோபம் வந்தாலும் அமைதியாகத்தான் படுவார். தயாரிப்பு நிர்வாகி லிம்பானிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இந்த வாரத்துக்குள் படம் முடியாவிட்டால் தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் தயாரிப்பாளர் எல்லாரையும் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். முதல் மூட்டை லிம்பானியுடையதாக இருக்கும்.

"நிக்கப்போகுதுன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"சத்தம் மாறிச்சு."

"எனக்கு ஏன் மாறல?"

பெண் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க பேசிட்டிருந்தீங்க."

லிம்பானிக்கு அந்தப் பதிலைவிட அந்தப் பார்வைதான் பிடிக்கவில்லை. படத்தின் கதையே அந்தப் பார்வைதான். ஊரோடு ஒட்டாத ஒரு பதின்வயதுப் பெண். அவள் உற்றுப் பார்த்தால் ஓடுவது நின்றுவிடும் என்று ஊர் பயப்படுகிறது. அவ்வளவுதான் கதை. இதற்கு நடிகை தேடி நிரெண்டா அம்மா அலைந்தபோது, ஏரிக்கரையில் மீன் காயவைக்கும் மூங்கில் தட்டிகளுக்கு நடுவே தனியாக நின்றுகொண்டிருந்தாள் அலினாபே. தெற்கேயிருந்து அப்பாவோடு வந்தவள். இது அவர்களுக்கு மூன்றாவது ஊர். போன ஊர்களில் யார் வீட்டிலாவது மாடு செத்தது, யார் வலையாவது கிழிந்தது, எல்லாக் கண்ணும் பேசாத இந்தப் பெண் பக்கம் திரும்பியது.

"நீ நடிக்கவே வேண்டாம், இப்படியே நில்லு" என்றார் நிரெண்டா அம்மா.

"வேஷத்துக்கு இவ்வளவு பொருத்தமா ஆள் கிடைக்குதுன்னா அதுலயே ஏதோ இருக்கு" என்று லிம்பானி அன்றைக்கே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது ஒவ்வொன்றாக நடந்துகொண்டிருந்தது. விளக்குக் கம்பம் உறுதியாக நிற்கிறதா என்று அவர் சாய்ந்து பார்த்தார். மேலே பல்பு வெடித்தது. திரும்பினால், எதிரே அலினாபே. படகு பத்திரமா என்று ஏறி நின்றார். அடியில் பலகை விட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கரையைப் பார்த்தால், அங்கே அலினாபே. சமையல்காரி எசிமி அக்காவின் பயறுக் குழம்பில் உப்புப் பார்த்து "அருமை" என்றார். சாயங்காலம் யூனிட் முழுவதும் கழிப்பறை வாசலில் வரிசை. வரிசையில் நிற்காத ஒரே ஆள் யார்? அலினாபே. அவள் அன்று பயறு சாப்பிடவில்லை.

"ஏன் சாப்பிடல?"

"பிடிக்காது."

பிடிக்காதாம்! லிம்பானி அதை நம்பவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் கண்ணால் கண்டதுதான் தலையில் இடியாக இறங்கியது. ஜெனரேட்டர்க்காரன் சிசோமோ, கக்கத்தில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு, படப்பிடிப்புக்காக அலினாபேக்குக் கொடுத்திருந்த அறைப் பக்கம் நழுவினான். அவனுக்குப் பின்னால் விளக்குப் பையன்கள். கடைசியில் எசிமி அக்கா, வறுத்த சம்போ மீனைத் தட்டால் மூடிக்கொண்டு. கதவருகே குசுகுசுப்பு. லிம்பானி நெருங்கியதும் பேச்சு அறுந்தது.

"என்ன பேசிட்டிருந்தீங்க?"

"சும்மா சார். வானிலை" என்றான் சிசோமோ. கோழி கொக்கரித்தது.

"கோழிக்கும் வானிலை பார்க்கணுமா?"

எல்லாரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பயமும் பரிதாபமும் கலந்த பார்வை. லிம்பானிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெண் யூனிட்டையே மடக்கிப் போட்டுவிட்டாள். காணிக்கை வாங்குகிறாள். நாளைக்கு இயக்குநர் நாற்காலியிலும் உட்காருவாள்.

உடனே சட்டம் போட்டார். அலினாபேயோடு யாரும் தனியாகப் பேசக்கூடாது. அவள் அறையை மாற்றி, தன் அறைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார், கண்காணிக்க. அன்றே அந்தக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் உடைந்தது. விளக்குப் பையன்களின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு முளைத்தது. இவர் பெயரைச் சொன்னால் கயிற்றைத் தொட்டுக்கொள்கிறார்கள்.

"யாரு கட்டினது?"

"அழகுக்கு சார்."

அடுத்த வழி, கடவுள். டவுனிலிருந்து போதகரை வரவழைத்தார். படகுக்கு ஆசீர்வாதம் என்று பேர், உண்மையில் பெண்ணுக்கு. சைக்கிள் டாக்சியில் வந்து இறங்கிய போதகரை எசிமி அக்கா முதலில் சமையல் கொட்டகைக்குக் கூட்டிப்போய் தேநீர் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர், நேராக லிம்பானியிடம் நடந்து, இரண்டு கையையும் அவர் தலையில் வைத்து அழுத்தி, கழுத்து நோகும்வரை ஜெபித்தார்.

எனக்குப் பாதுகாப்பு போடுகிறார் என்று லிம்பானி உருகிப்போனார். ஆமென் சொன்னபிறகுதான் நினைவு வந்தது.

"ஐயா, அந்தப் பொண்ணு தலையில கை வைக்கலையே?"

"தேவையில்லப்பா" என்றார் போதகர், கைகளைக் கைக்குட்டையில் அழுந்தத் துடைத்தபடி. "நான் பார்த்துட்டேன்."

போதகரும் போனார். அன்று மழை வராது என்று லிம்பானி நிரெண்டா அம்மாவிடம் உறுதி கொடுத்திருந்தார். குடிசை செட் ஏரியில் மிதந்தது.

"பொண்ணை மாத்துங்கம்மா" என்று கெஞ்சினார்.

"அவ போனா நானும் போறேன்" என்று மெல்லச் சொன்னார் நிரெண்டா அம்மா. "ஒரே ஒரு காட்சிதான் பாக்கி, லிம்பானி. அவ ஏரிக்குள்ள நடந்து போகணும். அப்ப வீசற காத்து நிக்கணும். அதுவரைக்கும் நீங்க எதையும்... சரிபார்க்காம இருந்தா போதும்."

அவர் சும்மா இருப்பவரா? ஊர்த்தலைவரிடம் போனார். படம் முடிந்ததும் இந்தக் குடும்பத்தை ஊரைவிட்டு அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் ஏரியே வற்றிவிடும் என்றார். தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரி. நீங்க எப்ப ஊருக்குப் போறீங்க?"

"படம் முடிஞ்சதும்."

"சீக்கிரம் முடியட்டும்" என்றார் தலைவர், மனமார.

செய்தி எப்படியோ கசிந்திருக்கவேண்டும். மறுநாள் காலை கரையில் அலினாபேயின் அப்பா மீன் தட்டிகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். அலினாபே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். லிம்பானியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"யூனிட்டோட நல்லதுக்கு."

"சரி" என்றாள். திட்டவில்லை, அழவில்லை. கயிற்றைச் சுருட்டி முடித்துவிட்டு, "சாப்பிட்டீங்களா? நீங்க எப்பவும் தனியாவே சாப்பிடறீங்க" என்றாள்.

இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று லிம்பானி பத்தடி தள்ளி நடந்தார். ஆனால் அன்றைய ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். அதுவும் அவள் வேலைதான் என்று சமாதானம் செய்துகொண்டார்.

கடைசிக் காட்சி நாளன்று அவருக்கு ஓர் அற்புதமான யோசனை உதித்தது. தான் காவல் இருப்பதால்தான் பெண் அடக்கி வாசிக்கிறாள். ஒருநாள் தான் இல்லாவிட்டால் பேரழிவு நடக்கும். அப்போது எல்லாருக்கும் கண் திறக்கும். அந்த நேரத்தில் டவுனுக்குப் போய், ஊர்த்தலைவருக்கும் மேலே இருக்கும் பெரிய தலைவரிடமும் புகார் கொடுத்துவிடலாம்.

"நான் இன்னிக்கு டவுனுக்குப் போறேன்" என்று அறிவித்தார்.

உடனே சிசோமோ அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். விளக்குப் பையன்கள் மினிபஸ்ஸை நடுரோட்டில் மறித்தார்கள். எசிமி அக்கா சுட்ட சோளத்தை அவர் மடியில் கொட்டினாள்.

"மெதுவா வாங்க சார். அவசரமே இல்ல."

"நாளைக்குக்கூட வரலாம் சார்!"

பாவம், பயந்து போயிருக்கிறார்கள், என்னை அப்புறப்படுத்தி என் உயிரையாவது காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று நெகிழ்ந்தார் லிம்பானி.

டவுனில் பெரிய தலைவர் புகாரைக் கேட்டார். நாளைக் காலையில் ஆள் அனுப்பி அந்தக் குடும்பத்தை வேறு மாவட்டத்துக்கு ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். லிம்பானி வெற்றியோடு, சாயங்கால மினிபஸ்ஸில், பேரழிவைப் பார்க்கத் திரும்பினார்.

கரையில் பாட்டு. விளக்குப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டர் காலையிலிருந்து ஒரு தும்மல்கூடப் போடவில்லை. படகு மிதந்தது. மழை இல்லை. அலினாபே ஏரிக்குள் நடந்தபோது காற்று தானாக நின்றதாம், ஒரே டேக். படம் முடிந்துவிட்டது. நிரெண்டா அம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"பார்த்தீங்களா!" என்று கத்தினார் லிம்பானி. "நான் அந்தப் பக்கம் போனதும் தன் வேலையைக் காட்டிட்டா!"

பாட்டு நின்றது.

"என்ன வேலை சார்?" என்றான் சிசோமோ.

"எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கே! இது போதாதா? என்னை முட்டாளாக்கணும்னே செஞ்சிருக்கா! கவலைப்படாதீங்க, நாளைக்குக் காலையில அவளைக் கொண்டுபோக ஆள் வருது. உங்களுக்கு விடுதலை!"

யாரும் கைதட்டவில்லை. கரையோரம் கட்டிவைத்த தட்டிகள் மேல் அப்பாவோடு உட்கார்ந்திருந்த அலினாபே தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தாள். விளக்குப் பையன்கள் மணிக்கட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினார்கள், லிம்பானியிடமிருந்து.

சோளக்களி கிண்டிக்கொண்டிருந்த எசிமி அக்கா துடுப்பைக் கீழே வைத்தாள்.

"நாங்க அந்தப் பொண்ணுகிட்டப் போனதெல்லாம் உங்ககிட்டயிருந்து எங்களைக் காப்பாத்தச் சொல்லித்தான் சார், அவ ஒருத்திதான், 'அவருக்கு எந்தச் சக்தியும் கிடையாது, பாவம், வெறும் மனுஷன்'னு உங்களுக்காகக் கடைசிவரைக்கும் எங்களோட சண்டை போட்டா."