ஏழுக்கு ஒருவர்

குழந்தைகளின் மனநலம் குறித்து மேலிடம் கவலை கொண்டது. கவலை கொண்ட கையோடு சுற்றறிக்கையும் விட்டது. வளரிளம் பருவத்தினரில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலக் குறைபாட்டால் அவதியுறுவதாக ஆய்வுகள் கூறுவதால், ஒவ்வொரு பள்ளியும் மேற்படி ஒருவரைக் கண்டறிந்து வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பட்டியல் அனுப்ப வேண்டியது. எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் விளக்கம் கோரப்படும்.

சுற்றறிக்கை பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை மணி மூன்று.

ஆசிரியர்கள் கையைப் பிசைந்தார்கள். தன் வகுப்பில் எல்லோருமே அப்படித்தான் என்றார் ஒருவர். தன் வகுப்பில் தான் மட்டும்தான் என்றார் இன்னொருவர். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு கெடுவையும் தவறவிடாத தலைமை எழுத்தர் அலட்டிக்கொள்ளவில்லை. வருகைப் பதிவேட்டை விரித்து, சிவப்புப் பேனாவால் ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று சுழித்துக்கொண்டே போனார். நாலே முக்காலுக்குப் பட்டியல் போய்விட்டது. மேலிடம் மெச்சி, எல்லாப் பள்ளிகளும் இம்முறையையே பின்பற்றுக என ஆணையிட்டது.

செவ்வாய்தோறும் ஓர் ஆலோசகர் வந்தார். உயிரியல் சாமான் அறையில், எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போடப்பட்டது. ஒன்பதாம் வகுப்பின் பதினாலாம் எண் மாணவி, தனக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தாள். 'காரணமற்ற சிரிப்பு, மறுப்பு மனநிலை' என்று அவர் குறித்துக்கொண்டார்.

பதினைந்தாம் எண், எழுத்தரின் மகள்.

அவள் ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளி விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். உயிராக நினைத்த சிநேகிதிகள் தேடி வந்தாலும் தூங்குவதாகச் சொல்லச் சொல்வாள். தலையணையில் கொத்துக் கொத்தாக முடி. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பட்டியல் போட்டீங்க, நம்ம பொண்ணு கண்ணுக்குத் தெரியலையா?" என்றாள் மனைவி. எழுத்தர் மறுநாளே தலைமை ஆசிரியையின் முன் போய் நின்றார்.

அந்த அம்மாள் உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு கணக்குப் போட்டார். "ஒன்பதாம் வகுப்புல நாப்பத்திரண்டு பேருக்கு ஆறு. உங்க பொண்ணையும் சேர்த்தா ஏழு. ஆறுக்கு ஒருத்தர்னு ஆயிடும் சார். நம்ம ஸ்கூல்லதான் வியாதி பரவுதுன்னு என்கொயரி வரும்."

"மேடம், அவ சாப்பிடறதே இல்ல."

"புரியுது சார். ஆனா முறையே நீங்க கொண்டு வந்ததுதானே. பேர் வைக்கும்போது ஒரு எழுத்து முன்னாடி வச்சிருந்தா பதினாலுல வந்திருப்பா."

எழுத்தர் பதினாலாம் எண்ணின் தாயாரிடம் போய், இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கெஞ்சிப் பார்த்தார். பட்டியலில் இருப்பவர்களுக்குப் பரீட்சையில் அரை மணி நேரம் கூடுதல் உண்டு. அந்தத் தாயார் மகள் தலையைத் தடவியபடி, "இவளுக்கும் ரொம்ப முடியலை சார்" என்றார். மகள் சிரித்தாள்.

வெளியே மருத்துவரிடம் காட்டலாமே என்றாள் மனைவி. நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார் எழுத்தர். பட்டியலில் வந்தால் அது அரசு நடவடிக்கை. தானாகப் போனால் அது பைத்தியம்.

ஆண்டு முடிவில் வகுப்புவாரியாக அறிக்கை போனது. ஒன்பதாம் வகுப்பு: கண்டறியப்பட்டோர் ஆறு, குணமடைந்தோர் ஆறு. மேலிடம் பள்ளிக்குக் கேடயம் அறிவித்து, கூடவே ஒரு படிவமும் கேட்டது. பட்டியலில் இல்லாத பிள்ளைகள் பூரண மனநலத்துடன் இருப்பதாகப் பெற்றோர் உறுதியளித்து ஒப்பமிட வேண்டும். கெடு, அன்று ஐந்து மணி.

ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தைந்து படிவங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்றுதான் பாக்கி. பாக்கிப் படிவத்தை எழுத்தரிடம் சேர்க்கும்படி வகுப்பாசிரியர் அவர் மகளிடமே தந்திருந்தார். அவள் மேசை முன் நின்றாள். எழுத்தர் அவள் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். தந்தை என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் என்ற இடத்தில் இன்னொரு கையெழுத்து, அதன் மேல் முத்திரை.

பத்து நாளாக வீட்டில் வாய் திறக்காத பெண் அப்போதுதான் பேசினாள்.

"ரெண்டு கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்குப்பா."