சளி பிடிக்கும் முனி

கம்பார் ஊர்ப் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில் கோயில் இன்னும் எழும்பவே இல்லை. ஆனால் கூட்டம் தாங்கவில்லை! ஐந்தடி கன அஸ்திவாரத்தை மூன்று அடுக்காக ஊற்றத் திட்டம். ஊற்றிய இரண்டு அடுக்கிலும் விரிசல். அந்த விரிசலைக் கும்பிடத்தான் ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். சொந்த வீட்டுச் சுவரில் விரிசல் விட்டால் கொத்தனாரைத் திட்டுகிற அதே ஜனங்கள்.

"அடியில முனி படுத்திருக்கு. விரிசலுக்கு ஒரு கோழி வைக்கணும்," என்றார் அங்கே குறி சொல்ல வந்திருந்த சதாசிவ சாமி. "தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. முனிக்குச் சளி பிடிக்கும்!"

கோயில் தலைவர் கார்த்திகேசு உடனே தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். சாமி கோழிக்கூடையோடு திரைக்குப் பின்னால் போவார். கூடை காலியாகத் திரும்பும். முனி தின்றுவிட்டதாம்.

முட்டை விற்றுப் பிழைக்கும் காளியம்மாவிடம் மிச்சம் இருந்தது கருப்பி என்ற ஒரே கோழி. "இதுவும் போனா நான் எதை வித்துச் சாப்பிடறது லா?" என்று அழுதாள்.

கட்டட மேற்பார்வைக்கு வந்த ஷர்மினிக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"அக்கா, காங்கிரீட் காயும்போது சுருங்கும். மேல வெயில்ல சீக்கிரம் காயுது. அடியில இறுகின பழைய அடுக்கு அதைச் சுருங்க விடமாட்டேங்குது. அந்த இழுபறியிலதான் வெடிக்குது. ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டா மெதுவா காயும், அதுக்குள்ள கெட்டியாயிடும்."

"முனி சும்மா விடாது லா!" என்று பதறினார் கார்த்திகேசு.

"சரிண்ணே, சாமியே சொல்லட்டும். மூணாவது அடுக்குல முனி எந்தப் பக்கம் இருக்கும்?"

சாமி கண்ணை மூடினார். "மேற்கே. கிழக்கே என் மந்திரக் கட்டு. ஒரு விரிசல்கூட விழாது."

"அப்போ மேற்கே நான் வெளியிலிருந்து தண்ணி கொண்டுவந்து ஈரச் சாக்கு போடறேன். முனிக்குச் சளி பிடிச்சா மருந்து நான் வாங்கித் தாரேன்."

மூன்றாவது அடுக்கை ஊற்றினார்கள். மேற்கே ஈரச் சாக்கு; கிழக்கே சாமி வைத்த எலுமிச்சம்பழமும் வெயிலும் காவல் காத்தன.

பத்தாம் நாள் சாக்கை எடுத்தார்கள். மேற்கே ஒரு கீறல்கூட இல்லை. மந்திரக் கட்டில் ஏழு விரிசல். ஒன்று எலுமிச்சம்பழத்துக்கு நேர் கீழே!

"முனி... திரும்பிப் படுத்திருச்சு," என்றார் சாமி. "ஏழு கோழி..."

முடிப்பதற்குள் அவருடைய வேனுக்குள்ளிருந்து ஒரு கொக்கரிப்பு. அன்று காலைதான், எதற்கும் இருக்கட்டும் என்று பயந்து, காளியம்மா கருப்பியையும் சாமியிடம் கொடுத்திருந்தாள்; அந்தக் கூடையும் காலியாகத்தான் திரும்பியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். முனி தின்ற கருப்பி சீட்டில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சூடாக ஒரு முட்டை.

சாமி ரப்பர் மரங்களுக்குள் எடுத்த ஓட்டத்தை எந்த முனியாலும் பிடிக்க முடியாது. கார்த்திகேசு தலையைக் குனிந்தபடி குழாயைத் திறந்துவிட்டார்.

காளியம்மா கருப்பியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் கைகூப்பி முன்னால் வந்தார்: "அக்கா, அந்த முட்டையைக் கோயில்ல வெச்சுக் கும்பிடலாமா?"

காங்கிரீட் கெட்டியாக ஒரு வாரம் ஈரம் வேண்டும். நம் ஆட்களின் தலை கெட்டியாக அதுகூட வேண்டியதில்லை. கொஞ்சம் யோசியுங்கள், ஐயா! யோசித்தால் யாருக்கும் சளி பிடிக்காது.